மினரல் பவுடர் ஃபவுண்டேஷன் முகத்தில் சரியாக உட்காரவில்லையா? கலவைச் சருமத்துக்கு, அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

மூக்கில் எண்ணெய் வழிகிறது. அதே நேரத்தில் கன்னத்தில் தோல் உரிகிறது. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே பவுடரைப் பூசுகிறோம். காம்பேக்ட் டப்பாவில் கெட்டியாக வரும் மினரல் ஃபவுண்டேஷனை வாங்கிய கலவைச் சருமக்காரர்கள் பலர், பத்து நாளில் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று ஓரமாக வைத்துவிடுவது இதனால்தான். நானும் அப்படி மூன்று டப்பாக்களை அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் சன்ஸ்கிரீனை மாற்றினேன். அதே பழைய டப்பாவை எடுத்துப் பூசியபோது, சாயங்காலம் வரைக்கும் ஒழுங்காக நின்றது. அன்றிலிருந்து நான் முதலில் சந்தேகப்படுவது பவுடரை அல்ல, அதற்கு அடியில் இருப்பதை.

காரணம் எளிது. இந்தப் பவுடரில் இருப்பவை மைக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு, நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகள். உதிரியான பொடியைக் கட்டியாக அழுத்துவதற்காக ஸ்டியரேட் வகைப் பொருள்களும், கொஞ்சம் எண்ணெயோ சிலிக்கோனோ சேர்ப்பார்கள். தண்ணீர் கிடையாது. அதனால் இது தானாகச் சருமத்துக்கு ஈரம் தராது. தோலின் மேல் என்ன இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் அப்பிக்கொள்ளும், எண்ணெய் இருந்தால் கறுக்கும், செதில் இருந்தால் செதிலைக் காட்டிக்கொடுக்கும். கீழே வரும் எல்லாக் கோளாறுகளும் கிட்டத்தட்ட இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை

ஒரே நாளில் க்ரீமையும் பிரஷ்ஷையும் ப்ரைமரையும் (மேக்கப்புக்கு அடியில் பூசும் அடித்தளப் பூச்சு) சேர்த்து மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். முகத்தை மூக்கு வழியாக இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பாதியில் எப்போதும் செய்வதையே செய்யுங்கள். வலது பாதியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று மணி நேரம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். பிறகு ஒரு டிஷ்யூ பேப்பரை நெற்றியில் அழுத்தி எடுத்து, இன்னொன்றைக் கன்னத்தில் அழுத்தி எடுங்கள். நெற்றிக் காகிதத்தில் கண்ணாடி போலத் தெரியும் எண்ணெய்க் கறையும், கன்னக் காகிதத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், உங்கள் முகத்தில் இரண்டு வேறு நிலங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே அளவு க்ரீம், ஒரே அளவு பவுடர் என்பது பொருந்தாது.

பூசும்போதே திட்டுத் திட்டாக அப்பிக்கொள்கிறது

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான். பிரஷ் முதலில் பட்ட இடத்தில் அடர்த்தியாக ஒரு வட்டம் விழும். எவ்வளவு தேய்த்தாலும் அது பரவாது. தேய்க்கத் தேய்க்கப் பக்கத்தில் இருப்பதும் கலைந்துவிடும்.

அடியில் இருக்கும் மாய்ஸ்சரைசரோ சன்ஸ்கிரீனோ இன்னும் காயவில்லை. பார்வைக்குக் காய்ந்தது போலத்தான் தெரியும். விரலின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். தோல் விரலோடு லேசாக ஒட்டிக்கொண்டு வந்து விட்டால் இன்னும் நேரம் ஆகவில்லை. ஒட்டாமல் மென்மையாக வழுக்கினால் சரி. சன்ஸ்கிரீன் பூசி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். தலை வாரவும் உடை மாற்றவும் அந்த நேரம் சரியாக இருக்கும். அவசரம் என்றால் ஒரு டிஷ்யூவைப் பிரித்து ஒற்றை அடுக்காக்கி முகத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மேலே மிதக்கும் பசைத்தன்மையை அது எடுத்துவிடும்.

காய்ந்த பிறகும் திட்டாகவே விழுகிறது என்றால் பிரஷ்ஷைப் பாருங்கள். பிரஷ்ஷை டப்பாவில் அழுத்திச் சுழற்றி எடுத்து நேராகக் கன்னத்தில் வைத்தால் முதல் தொடுதலிலேயே பாதி பவுடர் இறங்கிவிடும். ஒருமுறை தொட்டு எடுத்து, டப்பாவின் விளிம்பில் தட்டி, முதலில் புறங்கையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு முகத்துக்குப் போங்கள். வறண்ட கன்னத்தில் தொடங்காமல் மூக்குப் பக்கம் தொடங்கி வெளிப்பக்கமாக வாருங்கள். பவுடர் அதிகம் வேண்டியது நடுமுகத்தில்தான். கன்னத்துக்குப் பிரஷ்ஷில் மிஞ்சியதே போதும். இந்த ஒரு மாற்றமே எத்தனையோ பேருக்குப் பாதிப் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

கன்னத்திலும் மூக்கோரத்திலும் செதில் செதிலாகத் தெரிகிறது

பவுடர் செதிலை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே தூக்கிக்கொண்டிருக்கும் இறந்த தோலின் விளிம்பில் நிறப்பொடி போய் உட்கார்ந்து அதைக் கோடு போட்டுக் காட்டுகிறது.

என் தங்கைக்கு ஒரு திருமணத்துக்கு முந்தின நாள் இப்படித்தான் ஆனது. "அக்கா, பவுடர் போட்டா வயசான மாதிரி தெரியுது" என்று கண்ணாடி முன்னால் நின்றாள். அவள் அதற்கு மூன்று வாரம் முன்பு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) சீரம் ஒன்றைப் போட ஆரம்பித்திருந்தாள். ரெட்டினால் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோல் உரிவது சகஜம். அன்று இரவு அதை நிறுத்தச் சொல்லி, கிளிசரினும் செரமைடும் உள்ள மாய்ஸ்சரைசரைக் கன்னத்தில் மட்டும் ஈரத்தோடு இரண்டு முறை பூச வைத்தேன். மறுநாள் காலை மறுபடி ஒரு மெல்லிய பூச்சு, கால் மணி நேர இடைவெளி, அப்புறம் பிரஷ்ஷுக்குப் பதிலாக லேசாக ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பாஞ்சால் பவுடரை ஒற்றிப் பூசினோம். செதில் முழுவதும் போகவில்லை. ஆனால் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியவில்லை.

நேரம் இருப்பவர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இரவில், இறந்த தோலை மெதுவாக நீக்கும் லாக்டிக் அமிலம் சேர்ந்த ஏதாவது ஒன்றைக் கன்னத்துக்குப் பயன்படுத்தலாம். ரெட்டினால் போடும் இரவில் வேண்டாம். சொரசொரப்பான ஸ்கிரப் போட்டுத் தேய்ப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மறுநாள் இன்னும் அதிகமாக உரியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். செதில் கன்னத்தில் இல்லாமல் மூக்கின் இரு ஓரத்திலும் புருவத்துக்குள்ளும் மட்டும் வருகிறது, அடியில் சிவந்திருக்கிறது, செதில் கொஞ்சம் மஞ்சளாகப் பிசுபிசுப்பாக இருக்கிறது, தலையில் பொடுகும் உண்டு என்றால், அது வறட்சியாக இல்லாமல் இருக்கலாம். செபோரிக் டெர்மடைடிஸ் என்ற சருமக் கோளாறு எண்ணெய் சுரக்கும் இடங்களிலேயே வரும். மேலும் மேலும் க்ரீம் பூசிக்கொண்டே இருந்தால் அது போகாது. தோல் மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் பூஞ்சை எதிர்ப்பு க்ரீம் கொடுப்பார், குறைந்துவிடும். கலவைச் சருமம் என்று நினைத்து வருடக்கணக்கில் இதோடு போராடுபவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு மணி நேரத்தில் நெற்றியும் மூக்கும் மின்னுகின்றன

நெற்றி, மூக்கு, தாடை இந்த மூன்று இடத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. எந்தப் பவுடரும் சுரப்பதை நிறுத்தாது. கொஞ்ச நேரம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

முதலில் காலையில் நடுமுகத்தில் என்னென்ன பூசுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், ப்ரைமர் என நான்கு அடுக்கு இருந்தால் மினுமினுப்பில் பாதி உங்கள் எண்ணெயே அல்ல, நீங்கள் பூசியது. நடுமுகத்துக்கு மாய்ஸ்சரைசரை விட்டுவிடலாம். ஜெல் வகை சன்ஸ்கிரீன் அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். சன்ஸ்கிரீனை மட்டும் விடாதீர்கள். "பவுடரிலேயே எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு எண்) போட்டிருக்கிறதே" என்று கேட்பார்கள். எஸ்பிஎஃப் எண்ணைச் சோதனைக்கூடத்தில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அந்தக் கணக்குக்குப் பவுடரைப் போட்டால் முகமூடி மாட்டியது போல இருக்கும். யாரும் அவ்வளவு போடுவதில்லை. டப்பா மேல் இருக்கும் எண்ணைக் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதையே நம்பாதீர்கள்.

அடுத்தது பூசும் முறை. நடுமுகத்துக்குப் பிரஷ் வேண்டாம். பஃப்பில் கொஞ்சம் எடுத்து, இரண்டாக மடித்துத் தேய்த்துப் பவுடரைப் பஃப்புக்குள் ஏற்றி, மூக்கின் மேல் வைத்து அழுத்துங்கள். அழுத்தும்போது லேசாக உருட்டினால் இன்னும் நன்றாக உட்காரும். பிரஷ்ஷால் பறக்கவிட்ட பவுடர் மேலோட்டமாகவே நிற்கும். அழுத்தியது அதைவிட நேரம் தாங்கும்.

நடுவில் டச்சப் செய்யும்போது நடக்கும் தவறுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. மின்னுகிறது என்று நேராகப் பவுடரை எடுத்து எண்ணெய் மேலேயே போட்டால், எண்ணெயும் பவுடரும் குழைந்து மாவுபோல ஆகிவிடும். மூன்றாவது முறை போடும்போது மூக்கின் மடிப்பில் கட்டி சேர்ந்து நிற்கும். முதலில் ப்ளாட்டிங் பேப்பரை வைத்து அழுத்தி எண்ணெயை எடுங்கள். எடுத்த பிறகு பெரும்பாலும் பவுடரே தேவைப்படாது. தேவைப்பட்டால் ஒரே ஒரு ஒற்று.

மதியத்துக்குள் நிறம் கறுத்துவிடுகிறது, ஆரஞ்சு அடிக்கிறது

"ஆக்சிடைஸ் ஆகிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். மினரல் பவுடர் விஷயத்தில் அந்தப் பெயர் பொருத்தமானது அல்ல. நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. சிவப்பு நிறமி என்பது ஏற்கனவே துருவேதான். முகத்தின் சூட்டில் அது இன்னொரு முறை துருப்பிடிக்காது.

நடப்பது வேறு. காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் கறுப்பாகத் தெரியுமே, அதுதான். காய்ந்த பொடியில் துகளுக்குத் துகள் நடுவில் காற்று இருக்கிறது. வெளிச்சம் அங்கே சிதறித் திரும்புவதால் வெளிறித் தெரிகிறது. அந்த இடைவெளியில் முகத்து எண்ணெய் புகுந்தால் வெளிச்சம் அவ்வளவாகச் சிதறாது, நிறம் ஆழமாகிவிடும். நெற்றியும் மூக்கும் மட்டும் கறுத்து, கன்னம் பூசியபடியே இருப்பதற்கும் காரணம் இதுவே.

நிறம் தேர்ந்தெடுக்கும்போதே இதைச் சோதித்துவிடலாம். தாடை எலும்பின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில், விரலில் முகத்து எண்ணெய் படும்படி மூக்கைத் தொட்டுவிட்டு, அதே பவுடரை அந்த விரலால் எடுத்து இன்னொரு கோடு. இரண்டாவது கோடுதான் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் நெற்றியில் இருக்கப்போகும் நிறம். இரண்டு கோட்டுக்கும் அதிக வித்தியாசம் இருந்தால் அரை ஷேடு வெளுப்பானதை எடுங்கள். ஏற்கனவே வாங்கியாகிவிட்டது என்றால், எண்ணெய் உறிஞ்சும் சிலிக்கா ப்ரைமரை நடுமுகத்தில் மட்டும் மெல்லிசாகப் போட்டு அதன்மேல் பூசிப் பாருங்கள், கறுப்பது தள்ளிப்போகும்.

முகம் சாம்பல் பூத்தது போல இருக்கிறது, போட்டோவில் வெள்ளையாக விழுகிறது

டைட்டானியம் டை ஆக்சைடும் ஜிங்க் ஆக்சைடும் வெள்ளைப் பொடிகள். மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் தயாரிக்கும் ஷேடுகளில் இவற்றைக் குறைத்து இரும்பு ஆக்சைடைக் கூட்ட வேண்டும். சில தயாரிப்புகளில் அதைச் சரியாகச் செய்யாமல் வெள்ளை அடித்தளத்தில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து விற்றுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட டப்பாவை எந்த வித்தையாலும் சரிசெய்ய முடியாது. உங்கள் தோல் குறைபாடு அல்ல அது, மாற்றிவிடுங்கள். வாங்கும்போது பளபளக்கும் கடை விளக்கில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில், மஞ்சள் சாயல் உள்ளதையும் சிவப்புச் சாயல் உள்ளதையும் தாடையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பூசியதும் மறைந்துபோவது எதுவோ அதுதான் உங்களுடையது.

ஷேடு சரியாக இருந்தும் சாம்பலாகத் தெரிந்தால் கன்னத்தில் பவுடர் அதிகமாகிவிட்டது. வறண்ட தோலில் எண்ணெய் இல்லாததால் பொடி பொடியாகவே நிற்கிறது. சுத்தமான பெரிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி உள்ளங்கையைக் கன்னத்தில் பத்து நொடி வைத்து அழுத்துங்கள். பொடித்தன்மை இறங்கிவிடும். ஃபேஸ் மிஸ்ட் வைத்திருப்பவர்கள் தூரத்திலிருந்து ஒருமுறை தெளித்தாலும் போதும்.

போட்டோ விஷயம்: ஃப்ளாஷ் வெளிச்சத்தை இந்த வெள்ளைப் பொடிகளும் சிலிக்காவும் நேராகத் திருப்பி அனுப்புகின்றன. விசேஷ நாளுக்கு முன்னாலேயே வீட்டில் இருட்டறையில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

தேய்க்கும்போது திரி திரியாக உருண்டு வருகிறது

அது பவுடர் அல்ல, அடியில் இருக்கும் சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் ஒன்றோடொன்று ஒட்டாமல் சுருண்டு வருகிறது. சிலிக்கோன் அதிகம் உள்ள ஒன்றையும் ஜெல் தடிப்பான ஒன்றையும் அடுத்தடுத்துப் பூசினால் இப்படி ஆகும். பவுடர் இல்லாமல் காலையில் அந்த இரண்டை மட்டும் பூசி விரலால் தேய்த்துப் பாருங்கள். அப்போதும் உருண்டால் இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். உருளாவிட்டால் பவுடரைப் பிரஷ்ஷால் தேய்ப்பதை நிறுத்தி ஒற்றிப் பூசுங்கள், போதும்.

கண்ணுக்கு அடியில் கோடு, மூக்கில் துளைகள்

இரண்டுக்கும் மருந்து குறைத்துப் போடுவதுதான். கண்ணுக்கு அடியில் கருவளையத்தை மறைக்கும் கன்சீலர் போட்டிருந்தால் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டு, பிரஷ்ஷில் மிஞ்சியதை ஒருமுறை தொட்டால் போதும். மூக்குத் துளைகள் பெரிதாகத் தெரிந்தால் பவுடரில் மினுக்கு இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். மைக்கா துகள் பெரிதாக உள்ள பவுடர் துளையின் விளிம்பை எடுத்துக்காட்டும். இரவில் நடுமுகத்துக்குச் சாலிசிலிக் அமிலம் உதவும். அது எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் போகும்.

பவுடர் டப்பாவிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது

டப்பாவைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில், பிரஷ்ஷும் பஃப்பும் படும் இடத்தில், கொஞ்சம் கறுத்து, நகத்தால் தொட்டால் மெழுகு போல வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அது உங்கள் முகத்து எண்ணெய். மூக்கை ஒற்றிய பஃப்பையே மறுபடி டப்பாவில் வைக்கும்போது எண்ணெய் பவுடருக்குள் இறங்கி, அழுத்தத்தில் கெட்டியாகிவிடுகிறது. கலவைச் சருமக்காரர்களின் டப்பாவில் இது சீக்கிரமே வரும்.

செலோடேப்பை அந்த இடத்தில் மெதுவாக ஒட்டி மேல்நோக்கி உரித்து எடுங்கள். படலம் டேப்போடு வந்துவிடும். அடியில் வெளிறிய, மென்மையான பவுடர் தெரியும். விடாப்பிடியாக இருந்தால் ஒரு புதிய காய்ந்த டூத் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, உதிர்ந்ததைக் கொட்டிவிடுங்கள். ஈர ஸ்பாஞ்சை நேராக டப்பாவில் தொடுவதும் இதே கெட்டித்தன்மையைக் கொண்டுவரும், ஈரத்தில் கிருமியும் வளரும். ஈரமாகவும் பூசலாம் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தால் ஒழிய, பவுடரைப் புறங்கையில் எடுத்துக்கொண்டு அங்கிருந்து ஸ்பாஞ்சால் தொடுங்கள்.

கீழே விழுந்து உடைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். துண்டுகளை நன்றாகப் பொடியாக்கி, 70 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்து, மேலே டிஷ்யூ வைத்துத் தட்டையான ஒன்றால் அழுத்தி, மூடாமல் 24 மணி நேரம் காயவிடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் செய்யாதீர்கள். அந்த ஆவி தீப்பிடிக்கும். முன்பைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், ஆனால் பயன்படும்.

அரிக்கிறது, அல்லது பரு வருகிறது

வியர்க்கும்போது மட்டும் சுருக் சுருக்கென்று அரித்தால் பொருள் பட்டியலில் பிஸ்மத் ஆக்சிகுளோரைடு இருக்கிறதா என்று தேடுங்கள். முத்துப்போன்ற மினுமினுப்புக்காகச் சேர்ப்பது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வாசனைப் பொருளும் காரணமாக இருக்கலாம். "மினரல்" என்று போட்டிருப்பதால் ஒவ்வாமையே வராது என்று நினைக்க வேண்டாம். புது டப்பாவை முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முழங்கையின் உள்மடிப்பில் நாலைந்து நாள் பூசிப் பாருங்கள். சிவந்து தடித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பரு என்றால் முதலில் பிரஷ்ஷைக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை மிதமான ஷாம்புவில் கழுவி, முடி கீழ்நோக்கி இருக்கும்படியோ படுக்கவைத்தோ காயவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்கிப் பசை விட்டுவிடும். பஃப்பை அதைவிட அடிக்கடி கழுவ வேண்டும். டப்பாவில் "நான்-காமெடோஜெனிக்" (தோல் துளைகளை அடைக்காது) என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே சோதனை கிடையாது. டப்பாவில் அச்சிட்டிருக்கும், மூடி திறந்த டப்பா போன்ற சின்னப் படத்துக்குள் 12 அல்லது 24 என்று எண் இருக்கும். திறந்து எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பது அது. திறந்த தேதியை டப்பாவின் அடியில் எழுதி ஒட்டிவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

எல்லாம் செய்தும் கன்னம் மட்டும் கேட்கவில்லை என்றால்

கன்னத்துக்குப் பவுடர் போடாதீர்கள். முழு முகத்துக்கும் ஒரே பொருள்தான் போட வேண்டும் என்று எங்கும் இல்லை. கன்னத்தில் அதே நிறத்தில் ஒரு டின்டட் (நிறம் கலந்த) மாய்ஸ்சரைசரை விரலால் தட்டிவிட்டு, நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும் பவுடரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேரும் இடத்தில், மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே, சுத்தமான பிரஷ்ஷால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் எல்லை தெரியாது. பனிக்காலத்தில் நான் செய்வது இதுதான்.